பதினொன்றாவது துணி

காலை ஐந்து நாற்பதுக்கு ஆட்டோ என்னைச் சென்னை ராயபுரம் கல்மண்டபத்தில் இறக்கிவிட்டது. முதலில் கண்ணில் பட்டது ஒரு டிரெய்லர் லாரி. கண்டெய்னர் ஏற்றிக்கொண்டு துறைமுக வாயிலை நோக்கி வரிசையில் நின்ற லாரிகளில் அது கடைசி. அதன் அடியில் லுங்கியைத் தொட்டில்போலக் கட்டி ஓட்டுநர் தூங்கிக்கொண்டிருந்தார். ஒரு கால் வெளியே தொங்கியது. செருப்புகள் இரண்டும் டயரின் மேல் சேர்த்து வைக்கப்பட்டிருந்தன.

நாற்பத்தொரு ஆண்டுகளுக்குப் பிறகு இந்த ஊருக்கு வருகிறேன். மீன்பிடித் துறைமுகத்தின் பக்கமிருந்து ஐஸ் உடைக்கும் இயந்திரத்தின் சத்தம் கேட்டது. அது மாறவில்லை. மற்றவற்றில் பெரும்பாலானவை எனக்கு அடையாளம் தெரியவில்லை.

என் பெயர் குணசேகரன். பினாங்குக்காரன். கப்பல் தொட்டிகளில் வாயு சோதிப்பது என் தொழிலாக இருந்தது. எண்ணெய்த் தொட்டியைச் சுத்தம் செய்யவோ பழுது பார்க்கவோ ஆள் இறங்குவதற்கு முன், உள்ளே மூச்சுவிடக்கூடிய காற்று இருக்கிறதா, விஷவாயு இருக்கிறதா என்று பார்த்துச் சான்றிதழில் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்தை நம்பித்தான் ஆட்கள் ஏணியில் இறங்குவார்கள். ஆறு மாதத்துக்கு முன் ஓய்வு பெற்றேன்.

எங்கள் சங்கத்தின் ஆண்டு மலருக்குப் பணி அனுபவம் எழுதித் தரும்படி கேட்டிருந்தார்கள். இனிமையான அனுபவமாக இருந்தால் நல்லது என்று கடிதத்தில் இருந்தது. அப்படிப்பட்டவையும் உண்டு. அவற்றை இங்கே எழுதவில்லை.

ஓய்வு பெறுவதற்கு முந்தைய வாரம் கவிதா ஒரு கேள்வி கேட்டாள். எனக்குப் பிறகு அந்த வேலைக்கு வந்திருப்பவள். இப்போதெல்லாம் கையளவு மின்கருவி ஒன்றே நான்கு வாயுக்களையும் அளந்து எண்ணாகக் காட்டிவிடுகிறது. தொட்டிக்குள் இறக்கும் ரப்பர் குழாய் மட்டும் அதேதான். நான் தினமும் காலையில் வந்ததும் அந்தக் குழாயைத் தரையில் நீட்டி அளப்பேன். இதற்காக ‘டேப் குணா’ என்று எனக்குப் பெயரும் உண்டு. ஒருமுறை குழாய் நான்கு விரற்கடை குறைந்திருந்ததற்காக ஒரு கப்பலை மூன்று மணி நேரம் காக்க வைத்தேன். கேப்டன் என்னைச் சொல்லாத வார்த்தை இல்லை.

“அங்கிள், நேத்துதானே அளந்தீங்க? ராத்திரியில குழாய் சுருங்கிடுமா லா?” என்றாள் கவிதா.

“பழக்கம்மா” என்றேன்.

அது உண்மையான பதில் இல்லை. அதற்கு அடுத்த மாதம் சென்னைக்கு டிக்கெட் எடுத்தேன்.

என்னை இருபத்து நான்கு வயதில் என் முதலாளி ஓராண்டுப் பயிற்சிக்கு இங்கே அனுப்பினார். ராயபுரத்தில் ஒரு பழைய கிடங்கின் மாடியில் நடந்த சிறிய தனியார் ஆய்வகம் அது. இப்போது இல்லை. மகன் வெளிநாட்டில் படிக்கிறான் என்று என் அம்மா பினாங்கில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். எந்த வெளிநாடு என்று துருவிக் கேட்டால்தான் மெட்ராஸ் என்பார். வாரத்தில் மூன்று நாள் பாடம், மூன்று நாள் கப்பல். பாடத்தில் கேட்டதை எல்லாம் புத்தகத்திலும் படித்துக்கொள்ளலாம். கப்பல் வேலை புத்தகத்தில் இல்லை. அது ஸ்டீபன் சாரிடம் இருந்தது.

ஸ்டீபன் சார் ஆய்வகத்தின் தலைமைச் சோதனையாளர். அப்போது நாற்பத்தைந்து வயது. ராயபுரத்தில் மாதாகோயிலுக்குப் பின்தெருவில் வீடு. தொட்டி சுத்தம் செய்யும் ஆட்களில் பாதிப்பேர் அதே தெரு. ஞாயிற்றுக்கிழமை ஒரே பூசைக்குப் போவார்கள், திங்கட்கிழமை ஒரே படகில் கப்பலுக்குப் போவார்கள். அவர் அதட்டிப் பேசி நான் கேட்டதில்லை. தப்பு செய்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். துடைத்து முடிக்கும்வரை நாம் நிற்க வேண்டும். பிறகு, “இன்னொரு தடவை” என்பார்.

அவருடைய முறை இது. ரப்பர் குழாயின் ஒரு முனையில் ஈயக்குண்டு. மறுமுனையில் கையால் அமுக்கும் ரப்பர் பம்ப். குழாயில் மீட்டருக்கு ஒரு துணிக்கீற்று கட்டியிருக்கும். முதல் இரண்டு மீட்டரில் மட்டும் துணி கிடையாது. அது எண்ணெய்க் கசடின் பக்கம் போகிற பகுதி, துணி எண்ணெயைக் குடித்தால் அளவு கெடும். எனவே குண்டிலிருந்து மூன்றாவது மீட்டரில்தான் முதல் துணி. தொட்டியின் வாயில் மண்டியிட்டு அவர் குழாயை இறக்கும்போது, முதல் துணி விளிம்பைத் தாண்டினால் “மூணு” என்று தொடங்குவார். “நாலு, அஞ்சு...” என்று முணுமுணுத்துக்கொண்டே போவார். அந்த நேரத்தில் யாரும் பேசக் கூடாது. மேலே, நடுவில், அடியில் என மூன்று இடத்தில் காற்றை உறிஞ்சி எடுக்க வேண்டும். உறிஞ்சிய காற்று ஒரு கண்ணாடிக் குழல் வழியாகப் போகும். குழலில் உள்ள வெள்ளைத்தூள் பழுப்பானால் விஷவாயு இருக்கிறது.

அடியில் எடுப்பதுதான் கடினம். குண்டு தரையைத் தொடக் கூடாது. தொட்டால் குழாய் கசடை உறிஞ்சிக்கொள்ளும். தரைக்கு ஒரு சாண் மேலே நிற்க வேண்டும். கப்பலின் வரைபடத்தில் தொட்டியின் ஆழத்தைப் பார்த்து, அந்த எண் வரும்வரை துணிகளை எண்ணி நிறுத்த வேண்டும். ஆக, அடியில் இருக்கிறோமா இல்லையா என்பதற்கு எண்ணிக்கையைத் தவிர வேறு சாட்சி கிடையாது.

இதனால்தான் தினமும் காலையில் குழாயை அளப்பது. ஆய்வகத்தின் தாழ்வாரத்துத் தரையில் மீட்டருக்கு ஒன்றாகப் பித்தளை ஆணிகள் அடித்து வைத்திருந்தார். குழாயை அதன்மேல் நீட்டி, ஒவ்வொரு துணியும் ஒவ்வோர் ஆணிக்கு நேராக வருகிறதா என்று பார்ப்போம். அவரே பார்ப்பார். அவசரமான நாளில் மட்டும் என்னைப் பார்க்கச் சொல்வார்.

எல்லாம் சரியாக இருந்தால் முதலில் பென்சிலில் எழுதுவார். ஒருமுறை படிப்பார். பிறகு பேனாவில். அதன்பின் தொட்டியின் வாயில் நின்று, இறங்கப்போகிறவரின் பெயரைத் தகப்பன் பெயரோடு சேர்த்துச் சொல்லி, “போகலாம்” என்பார். “இன்னா சார், ஞானஸ்நானமா குடுக்கிற?” என்று ஆட்கள் கேலி செய்வார்கள். அவர் சிரிக்க மாட்டார். யார் உள்ளே போயிருக்கிறார் என்று அவருக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

அந்தக் கேலியைத் தொடங்கியது யேசுதாஸ். தொட்டி சுத்தம் செய்யும் அந்தச் செட்டிலேயே வயதில் இளையவர், என்னைவிட இரண்டு வயது குறைவு. என்னை “மலேசியா” என்று கூப்பிடுவார். முதல் மாதம் அவர் பேசுவது எனக்குப் பாதிதான் விளங்கியது. நான் பேசுவது ரேடியோ செய்தி மாதிரி இருக்கிறது என்பார். “மலேசியா, நீ தமிழ் பேச சொல்ல எனுக்கு வேர்க்குது மாமு.”

பயிற்சி முடிய மூன்று வாரம் இருந்தபோது அது நடந்தது.

நங்கூரத்தில் நின்ற ஒரு பழைய எண்ணெய்க் கப்பல். கழிவெண்ணெய்த் தொட்டி, ஆழம் பதினொரு மீட்டரும் ஒரு சாணும். குழாயை முந்தைய நாள் மாலையில் நான் ஆணிகளின் மேல் நீட்டிப் பார்த்திருந்தேன், சரியாக இருந்தது. காலையில் பையில் வைப்பதற்காக எடுத்தபோது குண்டு கட்டும் முனையில் ரப்பர் வெடித்திருந்ததைக் கண்டேன். வெடிப்பு இரண்டு கைகளையும் விரித்தால் வரும் நீளத்தைவிடச் சற்று அதிகம் ஓடியிருந்தது. அந்தத் துண்டைக் கத்தியால் வெட்டி எடுத்துவிட்டு, குண்டைப் புது முனையில் கட்டினேன். துணிகளை அவிழ்த்து அதற்கேற்ப மாற்றிக் கட்ட வேண்டும். அதற்கு அரை மணி நேரம் ஆகும். கீழே படகுக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்.

படிக்கட்டில் ஸ்டீபன் சார் கேட்டார்: “குழாய் அளந்தாச்சா?”

“அளந்தாச்சு சார்” என்றேன்.

முந்தைய நாளைப் பொறுத்தவரை அது உண்மை. படகில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். படகில் கப்பல் ஏஜெண்டின் ஆள் அவரோடு பேசிக்கொண்டே வந்தார். கப்பலில் ஏறியதும் சொல்லலாம் என்று நினைத்தேன். சொன்னால் அவர் திரும்பிப் போகச் சொல்வார், அன்றைய வேலை நின்றுவிடும், கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அவர் மண்டியிட்டு, “மூணு” என்று தொடங்கிவிட்டார். எண்ணும்போது யாரும் பேசக் கூடாது.

அவர் பதினொன்று எண்ணினார். நான் பக்கத்தில் நின்று கேட்டேன். பதினொன்றாவது மீட்டர் துணி விளிம்பில் நின்றது. குண்டு தரைக்கு ஒரு சாண் மேலே நிற்பதாக அவர் நினைத்தார். அது ஏறக்குறைய இரண்டு மீட்டர் மேலே நின்றது. வெள்ளைத்தூள் வெள்ளையாகவே இருந்தது.

அழுகிய முட்டைபோல நாறும் வாயு ஒன்று உண்டு. கழிவெண்ணெயில் பிறக்கும். காற்றைவிடக் கனம், எனவே அடியில் தேங்கும். குறைவாக இருந்தால் நாறும். அதிகமாக இருந்தால் மூக்கை மரத்துப்போக வைத்துவிடும். நாற்றம் போய்விட்டது என்று ஆள் நினைப்பான். அதற்கும் மேலே போனால் நினைக்க நேரம் இருக்காது.

“அந்தோணிசாமி மகன் யேசுதாஸ், போகலாம்” என்றார் ஸ்டீபன் சார்.

யேசுதாஸ் சிலுவை போட்டுக்கொண்டு இறங்கினார். ஏணியின் பாதியில், “மலேசியா, டீ சொல்லி வையி” என்று குரல் கொடுத்தார். கடைசிப் படியில் கால் வைத்தவர் அப்படியே சரிந்தார். மேலே இருந்து பார்க்க, உட்காருவதுபோல இருந்தது.

அடுத்த ஆள் ஏணியில் கால் வைத்துவிட்டார். ஸ்டீபன் சார் அவர் சட்டையைப் பிடித்து இழுத்துத் தள்ளினார். சுவாசக் கருவியை மாட்டிக்கொண்டு தானே கயிற்றோடு இறங்கினார். யேசுதாசை மேலே கொண்டுவந்தபோது முகம் நீலமாக இருந்தது, மூச்சு இருந்தது. தளத்தில் கிடத்தி ஆக்சிஜன் கொடுத்தார்கள். செட்டு முழுக்க ஸ்டீபன் சாரைச் சூழ்ந்துகொண்டது.

“இன்னாய்யா டெஸ்ட் எடுத்த நீ?”

“அடி வரிக்கும் எறக்குனியா? கெய்யெழுத்துப் போட மட்டும் வந்துகினியா?”

“எறக்கினேன்” என்றார் அவர். “பதினொண்ணு.”

அன்று மாலை ஐந்தரை மணிக்கு ஆய்வகத்தில் யாரும் இல்லை. எல்லோரும் மருத்துவமனையில் இருந்தார்கள். நான் தாழ்வாரத்தில் உட்கார்ந்து எல்லாத் துணிகளையும் அவிழ்த்து, ஆணிகளுக்கு நேராகத் திரும்பக் கட்டினேன். இருபத்தைந்து நிமிடம் ஆனது. வெட்டிய துண்டைத் தெருவில் இருந்த குப்பைத் தொட்டியில் போட்டேன்.

நான்காம் நாள் விசாரணை. மேசைக்குப் பின்னால் மூன்று பேர். குழாயை ஆணிகளின் மேல் நீட்டி அளந்தார்கள். ஒவ்வொரு துணியும் நேராக வந்தது. என்னிடம் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: குழாய் சரியாக இருந்ததா? சரியாக இருந்தது என்றேன். ஸ்டீபன் சாரிடம் கேட்டதற்கு, பதினொன்று எண்ணி இறக்கியதாகச் சொன்னார். குழாய் சரி, ஆழம் சரி என்றால் மிஞ்சுவது ஒன்றுதான். அவர் அடிவரை இறக்கவில்லை. அப்படியே எழுதினார்கள். கையெழுத்துப் போடும் அதிகாரத்தை எடுத்துவிட்டு, அவரைத் தண்ணீர் மாதிரிகள் பார்க்கும் மேசைக்கு மாற்றினார்கள். ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

மூன்று வாரம் கழித்து என் சான்றிதழை வாங்கிக்கொண்டு கிளம்பினேன். அவர் எனக்குக் கை கொடுத்தார். “பினாங்குல நல்லா பண்ணு” என்றார்.

இனி மீண்டும் கல்மண்டபம், காலை ஆறு மணி. டீக்கடையில் யேசுதாசைப் பற்றி விசாரித்தேன். கப்பலில் தொட்டி சுத்தம் செய்தவர் என்றேன்.

“மூக்கு யேசுதாஸா? அப்டிக் கேளு நைனா” என்றார் டீ போடுகிறவர். “அவுரு இங்க எங்க கீறாரு? கொடுங்கையூருக்குப் பூட்டு வருசக்கணக்காவுது. நம்பர் தர்றேன், போட்டுப் பாரு. நீ யாரு, சொந்தமா?”

“கூட வேலை பார்த்தவன்.”

“கூட வேலையா? உன்ன பாத்தா ஆபீசர் மாறி கீது” என்றபடி அவர் யேசுதாசின் போன் எண்ணைச் சொன்னார்.

போனில் வழி கேட்டுக்கொண்டு எட்டரை மணிக்குக் கொடுங்கையூர் போய்ச் சேர்ந்தேன். அங்கே இருக்கும் நகரக் குப்பைமேட்டின் ஒரு மூலையிலிருந்து புகை எழுந்து கட்டடங்களின் மேல் படர்ந்துகொண்டிருந்தது. ஆட்டோ ஓட்டுநர் கைக்குட்டையால் மூக்கைக் கட்டிக்கொண்டார். யேசுதாசின் வீடு மூன்றாவது மாடியில். ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. அந்த வரிசையில் அப்படி இருந்தது அவர் வீடு ஒன்றுதான்.

“டேய் மலேசியா!” என்று வாசலிலேயே கட்டிக்கொண்டார். தலை முழுக்க நரைத்திருந்தது, குரல் அதே குரல். “பிலோமி, வந்து பாரு, யார் வந்துகிறான்னு. ரேடியோ நியூஸு மாறி பேசுவான்னு சொல்வேன்ல, அவன்தான்.”

அவர் மனைவி பிலோமினா டீ கொண்டுவந்தார். புடவைத் தலைப்பு மூக்கின் மேல் இருந்தது.

“இந்தப் புகையில எப்படி இருக்கீங்க?” என்று கேட்டேன்.

“வூடு பாக்க வந்தவனெல்லாம் நாத்தம் நாத்தம்னு ஓடிப் பூட்டான். எனுக்கு இன்னா? அன்னிக்குப் போன மூக்கு, போனதுதான். எனுக்குன்னே கட்டி வுட்ட மாறி கீது” என்று சிரித்தார் யேசுதாஸ்.

“அவருக்கு ஒண்ணும் இல்ல, எங்களுக்குத்தான்” என்றார் பிலோமினா. “பாலு தீஞ்சாலும் தெரியாது, கேஸ் லீக்கானாலும் தெரியாது. நான் ஊருக்குப் போனா அடுப்பு பத்த வெக்காதன்னு சொல்லிட்டுப் போவேன்.”

“எல்லாம் அந்த டேபிள் ஆபீசரு புண்ணியம்” என்றார் யேசுதாஸ். ஸ்டீபன் சாருக்குச் செட்டு வைத்த பெயர் அது என்று புரிந்துகொள்ளச் சில விநாடி ஆனது. மேசையில் உட்கார்ந்தே சோதனை எழுதியவர் என்று பொருள்.

டீயில் பாதி குடித்திருந்தேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, நடந்ததை வரிசைப்படி சொன்னேன். வெடிப்பு, கத்தி, படிக்கட்டில் சொன்ன பதில், மாலை ஐந்தரை மணி, துணிகள். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. பிலோமினா எழுந்துவந்து என் முன்னால் இருந்த டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

“நீயா?” என்றார் யேசுதாஸ்.

“நான்தான்.”

“அப்ப அவுரு எறக்கினாரு.”

“பதினொண்ணு எண்ணினார். நான் கேட்டேன்.”

அவர் ஜன்னல் பக்கம் போய் நின்றார். ஜன்னலில் குப்பைமேடு முழுவதும் தெரிந்தது. அந்தக் காலத்தில் ராயபுரத்துக் குப்பையும் இங்கேதான் வரும்.

“எங்க தெருவுல சாவு வுழுந்தா எங்க செட்டுதான் பெட்டி தூக்கும்” என்றார், திரும்பாமல். “எந்த வூடா இருந்தாலும். சண்டக்காரன் வூடா இருந்தாலும் தூக்குவோம். அவுரு சம்சாரம் செத்தப்போ நான் சொன்னேன், தூக்காதீங்கன்னு. ஒருத்தன் தூக்கல. அந்தம்மா பெட்டிய வேன்ல ஏத்தினு போனாங்கோ. மேட்டுல வேன் ஏறாம நின்னுச்சு. நாங்க டீக்கடைல நின்னு பாத்துகினு இருந்தோம். அவுரும் பொண்ணும் தள்ளினாங்கோ.”

அவர் ஜன்னலைவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“நாப்பது வருசம் கயிச்சு வந்து எங்கிட்ட சொல்ற. எங்கிட்ட சொல்லி இன்னாடா ஆவும்? அவராண்ட சொல்லு. விம்கோ நகர்ல பொண்ணு வூட்ல கீறாரு. எய்ந்திரு. நானும் வரேன்.” சட்டையை மாட்டிக்கொண்டே, “நீ பாட்டுக்குப் பாதில எறங்கி பூட்டீன்னா?” என்றார்.

ஆட்டோவில் அவர் பின்சீட்டில் உட்காரவில்லை. ஓட்டுநருக்குப் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்துகொண்டார். திருவொற்றியூருக்குப் பிறகு ஓட்டுநருக்கு வழி மட்டும் சொன்னார். தலைக்கு மேலே மெட்ரோ ரயில் போனது. ராயபுரத்திலிருந்து இந்தப் பக்கம் பேருந்தில் வர எனக்கு அப்போது ஒரு மணி நேரம் ஆகும்.

கதவைத் திறந்தவர் ஸ்டீபன் சாரின் மகள் ஸ்டெல்லா. ஐம்பது வயதிருக்கும், பள்ளி ஆசிரியை. யேசுதாசைக் கண்டதும் அவர் முகம் இறுகியது. “என்ன வேணும்?” என்றார். யேசுதாஸ் தலையைக் குனிந்துகொண்டு, “இவரு அப்பாவ பாக்கணும்னு வந்துகிறாரு, பினாங்குலேர்ந்து. நான் சும்மா கூட வந்தேன்மா” என்றார்.

ஸ்டீபன் சார் உள்ளறையில் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார். முடிக்கும்வரை உட்காரச் சொன்னார் ஸ்டெல்லா. இருபது நிமிடம் ஆயிற்று. நான் கடிகாரத்தைப் பார்த்ததை அவர் கவனித்திருக்க வேண்டும்.

“அப்பா ரெண்டு தடவை சொல்லுவாங்க” என்றார். “ஒரு தடவை சொல்லி முடிச்சதும், மணி விட்டுப்போச்சோன்னு சந்தேகம் வந்துடும். மறுபடியும் முதல்லேர்ந்து. படி ஏறினாலும் அப்படித்தான், ரெண்டு தடவை எண்ணணும். மாத்திரை, சில்லறை, எது கொடுத்தாலும். டாக்டர் வயசாயிடுச்சுன்றார். வயசெல்லாம் இல்ல, நான் ஸ்கூல்ல படிக்கும்போதே இப்படித்தான். அந்தக் கப்பல் விஷயத்துக்கு அப்புறம்.”

யேசுதாஸ் செருப்பைக் கழற்றிய இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

ஸ்டீபன் சார் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். எண்பத்தாறு வயது. கண்ணாடி தடிமனாகியிருந்தது. என் பெயரைச் சொன்னதும், “பினாங்கு” என்றார். கை கொடுத்தார்.

வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த முதல் வாக்கியத்தைச் சொன்னேன். “சார், அன்னைக்குக் குழாய் குறைஞ்சிருந்தது.”

எந்த அன்று, எந்தக் குழாய் என்று அவர் கேட்கவில்லை. “எந்தப் பக்கம்?” என்றார். “குண்டு பக்கமா, பம்ப் பக்கமா?”

“குண்டு பக்கம். வெடிச்சிருந்தது. காலையில வெட்டினேன். துணி மாத்திக் கட்டல.”

“எவ்வளவு?”

“ஒண்ணே முக்கால் மீட்டர் இருக்கும் சார். அளக்கல.”

“அளக்கல” என்று திருப்பிச் சொன்னார். “விசாரணையில அளந்தாங்களே. நேரா இருந்ததே.”

“அன்னைக்குச் சாயந்தரம் மாத்திக் கட்டினேன்.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். வேட்டி நுனியால் துடைத்தார். நான் நின்றேன். சமையலறையில் குக்கர் இரண்டு முறை விசில் அடித்தது.

“அப்போ நான் பதினொண்ணு எறக்கினேன்” என்றார்.

“ஆமா சார்.”

“விசாரணையில பதினொண்ணுன்னுதான் சொன்னேன். வீட்டுக்கு வந்தப்புறம், பத்தோட நிறுத்திட்டேனோன்னு தோணிச்சு. அப்புறம் ஒன்பதோன்னு. ஏஜெண்ட் ஆள் அன்னைக்கு ரொம்பப் பேசினான். அதுல எண்ணிக்கை விட்டிருப்பேன்னு நினைச்சேன்.” கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “நீ பக்கத்துல நின்னியே. நீயும் ஒண்ணும் சொல்லல. அதனால ஒன்பதுதான்னு முடிவு பண்ணிட்டேன்.”

“பதினொண்ணு சார். நான் கேட்டேன்” என்றேன்.

ஸ்டீபன் சார் வாசல் பக்கம் திரும்பி, “அது யாரு நிக்கிறது?” என்றார்.

“நான்தான் சார், யேசுதாசு.”

“அந்தோணிசாமி மகன் யேசுதாஸ்.”

“ஆமா சார்.”

“மூக்கு வந்துச்சா?”

“வரல சார்.” யேசுதாஸ் இரண்டடி முன்னால் வந்தார். “சார், அம்மா பெட்டிய...” என்று தொடங்கினார். ஸ்டெல்லா எழுந்து சமையலறைக்குள் போய்விட்டார்.

“உக்காரு” என்றார் ஸ்டீபன் சார். யேசுதாஸ் நாற்காலியில் உட்காராமல் தரையில் உட்கார்ந்தார். பிறகு ஸ்டீபன் சார் என்னைப் பார்த்து, “எழுதிக் கொடு” என்றார்.

அலமாரியிலிருந்து தாளும் பென்சிலும் எடுக்கச் சொன்னார். பென்சிலில் எழுதினேன். படித்துக் காட்டச் சொன்னார். குழாயில் குறைந்த நீளம் ‘ஒன்றே முக்கால் மீட்டர்’ என்று எழுதியிருந்த இடத்தில் நிறுத்தி, “அளக்கலன்னு சொன்னியே” என்றார். ‘அளக்கப்படவில்லை’ என்று திருத்தினேன். பிறகு பேனாவில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சாட்சி என்ற இடத்தில் யேசுதாஸ் கையெழுத்துப் போட்டார், தகப்பன் பெயரோடு. ஸ்டீபன் சார் அந்தத் தாளைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்துப் படித்தார். மடித்து ஜெபமாலை வைத்திருந்த டப்பாவில் வைத்தார். என்னிடம் வேறொன்றும் கேட்கவில்லை. மன்னிப்புக் கேட்க நினைத்திருந்தேன், நானும் கேட்கவில்லை.

ஒரு மணிக்கு ஸ்டெல்லா தட்டில் சாப்பாடும் ஒரு சிறிய மூடியில் மாத்திரைகளும் கொண்டுவந்தார். கண்கள் சிவந்திருந்தன. ஸ்டீபன் சார் மாத்திரைகளை உள்ளங்கையில் கொட்டி, ஒரு விரலால் தள்ளித் தள்ளி எண்ணினார். ஐந்து. பிறகு மறுபடியும் எண்ணினார்.